காமராசர் வாழ்வில் இரு நகரங்கள்: விருதுநகரும் நெய்வேலியும்

தமிழக நகரங்களின் பொருளாதார, சமூக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகியவற்றையே எடுத்துக்கொள்கின்றனர். அரசு மூலதனத்தால் எழுந்த நெய்வேலி போன்ற நகரியங்கள் மின்னுற்பத்திக் கணக்கோடு விடப்பட்டுவிடுகின்றன. கு. காமராசரின் (1903–1975) வாழ்க்கை வரலாறுகளும் நெய்வேலியை அவருடைய சாதனைப் பட்டியலில் ஒரு வரியாகவே சேர்க்கின்றன. அவர் பிறந்த ஊரையும் அவர் காலத்தில் உருவான இந்த ஊரையும் அருகருகே வைத்து நோக்கினால், நகரம் என்பதை யார் கட்டுகிறார்கள், யார் ஆளுகிறார்கள் என்னும் வினா எழுகிறது.

காமராசர் 1903 சூலை 15இல் விருதுப்பட்டியில் பிறந்தார். அவ்வூர் 1923இல்தான் விருதுநகர் எனப் பெயர் மாறிற்று. பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்துகளின் வணிகத்தால் வளர்ந்த ஊர் அது. நாடார் வணிகர்கள் தம் வாணிகத்தின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணத்தால் பொதுநிறுவனங்களை நடத்தினர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி, வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியால் பேணப்பட்டது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கான நகர நிறுவனங்களைத் தானே படைத்துக்கொண்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது. எனினும் அந்தப் பள்ளியாலும் காமராசரை நெடுநாள் வைத்துக்கொள்ள இயலவில்லை. தேங்காய் வணிகரான தந்தை குமாரசாமி இறந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பிடி அரிசி பள்ளியைத் தாங்கிற்று. தந்தையை இழந்த பிள்ளையின் குடும்பத்தை அது தாங்கவில்லை. பின்னாளில் பள்ளிக்கல்வியும் மதிய உணவும் அரசின் கடமை என அவர் கொண்டதற்கு இப்பட்டறிவையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்று அலிப்பூர் சிறைக்குச் சென்றார். சிறையில் கழித்த ஆண்டுகள் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது. நகர வரலாற்று நோக்கில் அவற்றுள் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் கூட்டத்துக்குச் சென்று பதவியைத் துறந்தார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியில் இருத்தல் தகாது என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் தம் தாயின் வீட்டுக்குத் தனியே அளிக்கப்பட்ட குடிநீர்க் குழாயை அவர் அகற்றச் செய்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. நகரத்தின் வசதிகள் ஊரார்க்குப் பொது என்ற எண்ணம் இரண்டிலும் உள்ளோடுகிறது.

1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சரானபோது சென்னை மாகாணத்துக்குச் சொந்தமாக நிலக்கரி இல்லை. வங்காள, பீகார்ச் சுரங்கங்களிலிருந்து அது வரவேண்டியிருந்தது. தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் 1930களின் நடுவிலேயே தடயம் கிடைத்திருந்தது. நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தானே பொங்கிய ஊற்றுநீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. பின்னர் அவர் தம் நிலத்தையும் திட்டத்துக்கு அளித்தார். 1940களில் இந்திய நிலவியல் அளவைத் துறை துளையிட்டு ஆராய்ந்தது; மாநில அரசு சோதனைச் சுரங்கமும் அமைத்தது. இவ்வளவு பெரிய முதலீட்டைத் தனியே சுமக்க மாநிலத்தால் இயலாது என்பதால் மத்திய அரசை இதில் ஈடுபடுத்துவது காமராசர் ஆட்சியின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நீர் தேங்கியிருந்தது. அதை இடையறாது இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கும். ஜெர்மானியச் சக்கர வாளி இயந்திரங்கள் மேல்மண்ணை அகழ்ந்தன. 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்னளிக்கத் தொடங்கி, 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டியது. ஆனால் நீரை இறைக்க இறைக்க, சுற்றுவட்டாரத்தில் தாமே பொங்கிய ஊற்றுகள் அடங்கின. கரியை முதலில் காட்டிக்கொடுத்த நீரே உழவர்க்கு இல்லாமற்போயிற்று.

கடலையும் முந்திரியும் விளைந்த செம்மண் நிலத்தில் எண்ணிட்ட வட்டங்களாக நகரியம் வகுக்கப்பட்டது. அகன்ற சாலைகள், மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, தடையற்ற நீர் ஆகிய அனைத்தையும் நிறுவனமே தந்தது. பிடி அரிசி எடுத்துவைக்க வேண்டிய தேவை இங்கு எவர்க்கும் இருக்கவில்லை. பல சாதியார் ஒரே தெருவில் குடியிருக்க நேர்ந்தது. மரபான ஊரமைப்பு அதற்கு இடந்தந்ததில்லை. ஆயினும் சாதி விட்ட இடத்தைப் பதவிப்படி பிடித்துக்கொண்டது. ஊழியரின் தரத்துக்கேற்ப வீட்டின் அளவு அமைந்தது. ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஆதலால் இங்குப் பிறந்து வளர்ந்தவரும் இதைத் தலைமுறை வழியான சொந்த ஊராக்கிக்கொள்வது கடினம். நிலத்தை இழந்த சிற்றூரார்க்கோ, நகரியத்தின் வேலியும் வேலைவாய்ப்பின் வரம்பும் ஒன்றாகவே தோன்றின. இழப்பீடும் வேலையும் பற்றிய அவர்களுடைய கோரிக்கை இன்றும் ஓயவில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயில் நகரியத்துக்குள்ளேயே நிலைத்துவிட்டதால், பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்கள் காவடியோடு உள்ளே வருகின்றன.

இத்திட்டத்தின் பயனை மறுப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. மின்சாரமின்றித் தமிழகத்தின் தொழில்வளர்ச்சி நிகழ்ந்திராது. காமராசர் 1963 அக்டோபர் 2இல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியபோது நெய்வேலியின் முதல் கட்டம்கூட நிறைவடைந்திருக்கவில்லை. 1967 தேர்தலில் பிறந்த ஊரான விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. 1975 அக்டோபர் 2இல் அவர் காலமானார். விருதுநகரில் அவர் துறந்த நகராட்சித் தலைவர் பதவிக்குப் பின்னும் தேர்தல்கள் நடந்தன. நெய்வேலி நகரியத்திலோ அத்தகைய பதவியே ஏற்படவில்லை. குடிநீரும் தெருவிளக்கும் வீட்டு ஒதுக்கீடும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்திடமே உள்ளன.