நட்சத்திரங்களுடன் மோதிய ஆசான்

ஒரு கால்பந்துக் குழுவில் யார் சொல் செல்ல வேண்டும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் சொல்லா? உள்ளே பந்தோடு ஓடும் நட்சத்திர ஆட்டக்காரர் சொல்லா?

இந்தக் கேள்வியோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டியவர் ஹென்னஸ் வைஸ்வைலர். மேற்கு ஜெர்மனி கண்ட தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர். சிறுவர்களைச் சேர்த்துச் சிங்கங்களாக்கியவர். அப்படி ஆன சிங்கம் ஒன்று அவரையே எதிர்த்து நின்றதும் உண்டு.

ஆட்டுக்கு வந்த பெயர்

கொலோன் நகருக்கு அருகில் உள்ள லெக்கனிக் என்ற சிற்றூரில் 1919-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி வைஸ்வைலர் பிறந்தார். உள்ளூர்க் குழுவில் பந்து விளையாடித்தான் வளர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கொலோன் நகரம் குண்டு வீச்சில் சிதைந்து கிடந்தது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே 1948 பிப்ரவரியில் நகரின் இரண்டு குழுக்கள் ஒன்றாக இணைந்தன. எப்.சி. கொலோன் என்ற புதிய குழு பிறந்தது. அதில் வைஸ்வைலர் ஆட்டக்காரராகவும் இருந்தார், பயிற்சியாளராகவும் இருந்தார். அடுத்த ஆண்டே குழு மேல் பிரிவுக்கு உயர்ந்தது.

1950-ல் ஒரு திருவிழாக் கூட்டத்தில், சர்க்கஸ் கம்பெனி உரிமையாளரான ஓர் அம்மையார் அந்தக் குழுவுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாவைப் பரிசளித்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது? பயிற்சியாளர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆடு 'ஹென்னஸ்' ஆயிற்று. குழுவின் சின்னத்திலும் இடம் பிடித்தது. ஒன்று போனால் இன்னொன்று என்று, அதே பெயரில் ஆடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2019-ல் ஒன்பதாவது ஹென்னஸ் பொறுப்பேற்றது!

பயிற்சியாளர்களுக்கு ஆசிரியர்

1954-ல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்த செப் ஹெர்பெர்கர்தான் வைஸ்வைலரின் குரு. குருவிடம் கற்றதை அவர் மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். கொலோன் விளையாட்டுக் கல்லூரியில் 1957 முதல் 1970 வரை பயிற்சியாளர்களுக்கான வகுப்பை நடத்தினார். அந்த நாட்டில் பயிற்சியாளர் சான்றிதழ் வேண்டும் என்றால் அவர் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும்.

இந்த வேலையை விடாமலே 1964-ல் பொருசியா மோன்ஷன்கிளாட்பாக் குழுவின் பயிற்சியாளர் ஆனார். மோன்ஷன்கிளாட்பாக் நெசவாலைகள் நிறைந்த நடுத்தர ஊர். குழு இருந்ததோ இரண்டாம் பிரிவில். பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பணமும் இல்லை.

வைஸ்வைலர் இளைஞர்களைச் சேர்த்தார். குந்தர் நெட்சர், யுப் ஹைன்கஸ், பெர்ட்டி போக்ட்ஸ் என்று அவர் வளர்த்தவர்கள் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்கள். அவர் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே. பந்து கிடைத்ததும் தாமதிக்காதே; எதிரி சுதாரிப்பதற்குள் பாய்ந்து கோல் போடு! துள்ளி ஓடிய அந்த இளைஞர்களுக்குக் 'குதிரைக் குட்டிகள்' என்று பட்டப் பெயர் ஏற்பட்டது.

1965-ல் குழு முதல் பிரிவுக்கு வந்தது. 1967-ல் ஷால்கே குழுவை 11-0 என்ற கோல் கணக்கில் துவைத்து எடுத்தது. ஆனால் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. தாக்கத் தெரிந்த குழுவுக்குத் தடுக்கத் தெரியவில்லை. 1969-ல் அனுபவமுள்ள தடுப்பு ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டனர். 1970-ல் சாம்பியன் பட்டம். 1971-ல் மீண்டும் பட்டம். தேசிய லீக் 1963-ல் தொடங்கிய பிறகு தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் குழு இதுவே.

தானே இறங்கிய ஆட்டக்காரர்

குழுவின் மூளை நெட்சர். நீண்ட தலைமுடி, சொந்தப் புத்தி. எப்படி ஆடுவது என்பதில் அவருக்கும் வைஸ்வைலருக்கும் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும்.

1973 ஜூன் 23-ந் தேதி டுசல்டார்ப் நகரில் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே நின்றது வைஸ்வைலரின் பழைய குழுவான கொலோன். நெட்சர் ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் குழுவுக்குப் போவது முடிவாகி இருந்தது. அது அவருக்குக் கடைசி ஆட்டம். சில நாட்களுக்கு முன்புதான் தாயாரையும் இழந்திருந்தார். வைஸ்வைலர் அவரை அணியில் சேர்க்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார். அரங்கம் முழுவதும் ஒரே கூச்சல்.

90 நிமிடம் முடிந்தது. 1-1 என்று சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கும் முன், களைத்துக் கிடந்த இளம் வீரர் ஒருவரிடம் நெட்சர் போனார். இனி ஓட முடியாது என்று அவர் சொன்னதும், மேல்சட்டையைக் கழற்றினார். தாம் ஆடப் போவதாகப் பயிற்சியாளருக்குத் தெரிவித்துவிட்டுத் தாமாகவே களம் புகுந்தார்.

மூன்றே நிமிடம். பந்து அவர் இடது காலுக்கு வந்தது. ஓங்கி உதைத்தார். கோல்! 2-1. கோப்பை மோன்ஷன்கிளாட்பாக்கிற்கு.

அன்று வைஸ்வைலர் வென்றாரா, தோற்றாரா? கோப்பை அவருடையது. ஆனால் அதை வாங்கித் தந்தவர், அவர் வேண்டாம் என்று உட்கார வைத்த ஆள்!

பார்சிலோனாவில் பட்ட பாடு

1975-ல் லீக் பட்டம், ஐரோப்பிய யு.ஈ.எப்.ஏ. கோப்பை இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பார்சிலோனா குழுவுக்குப் போனார். அங்கே இருந்தவர் ஹாலந்தின் ஜோகன் குரூய்ப். உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர். அவரையும் மற்றவர்களைப் போலவே நடத்தினார் வைஸ்வைலர். ஓர் ஆட்டத்தின் நடுவே வெளியே அழைக்கவும் செய்தார். இம்முறை ரசிகர்கள் குரூய்ப் பக்கம் நின்றார்கள். ஓராண்டு முடிவதற்குள் பயிற்சியாளர் மூட்டை கட்டினார்.

அடி பட்டும் அவர் மாறவில்லை. 1976-ல் கொலோன் குழுவுக்கே திரும்பினார். அங்கே 1974 உலகக் கோப்பை வீரரான வுல்ப்காங் ஓவராத் நகரத்தின் செல்லப் பிள்ளை. அவருடனும் ஒத்துப் போகவில்லை. 1977-ல் கோப்பை இறுதி ஆட்டம் டிராவாகி, இரண்டாம் முறை ஆடப்பட்டது. அதில் ஓவராத் ஆடவில்லை. கொலோன் வென்றது. ஓவராத் மனம் கசந்து ஆட்டத்திலிருந்தே விலகினார்.

மூன்று கோலில் பட்டம்

அதே 1977-ல் ஜப்பானிலிருந்து யாசுஹிகோ ஒகுடேரா என்ற ஆட்டக்காரரைக் கொலோனுக்கு அழைத்து வந்தார். ஜெர்மன் லீகில் ஆடிய முதல் ஜப்பானியர் அவரே. ஆசியாவிலும் ஆட்டம் தெரிந்தவர்கள் உண்டு என்று கண்டுகொண்ட பார்வை அது.

1978 ஏப்ரல் 29. லீகின் கடைசி நாள். கொலோனும் மோன்ஷன்கிளாட்பாக்கும் சம புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் கொலோனுக்கு 10 கோல் கூடுதல். இனி என்ன பயம்? ஆனால் வைஸ்வைலரின் பழைய பிள்ளைகள் அன்று டார்ட்மண்ட் குழுவை 12-0 என்று நொறுக்கினார்கள்! கடைசி முறையாக லீகில் ஆடிய ஹைன்கஸ் மட்டும் 5 கோல் போட்டார். ஆசான் கற்றுக் கொடுத்த தாக்குதல் ஆசான் மீதே பாய்ந்தது. நல்ல வேளையாக, கொலோன் 5-0 என்று ஜெயித்திருந்தது. மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டம் தப்பியது. கோப்பையும் அவ்வாண்டு கொலோனுக்கே.

1980-ல் அமெரிக்காவின் நியூயார்க் காஸ்மாஸ் குழுவுக்குப் போனார். 1977-ல் பெலேயுடன் கல்கத்தா வந்து மோகன் பகானை எதிர்த்து ஆடிய அதே குழு. அங்கும் பட்டம் வென்றார். அங்கும் நட்சத்திர ஆட்டக்காரருடன் பிணக்கு. கடைசியாக சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர்ஸ் குழு. 1983-ல் லீக், கோப்பை இரண்டும் கைக்கு வந்தன. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், ஜூலை 5-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 63. கொலோன் பேராலயத்தில் அவருக்கு இறுதி அஞ்சலி செலுத்தப்பட்டது.

சீடர்கள் வழியே

போக்ட்ஸ் தேசிய அணியின் பயிற்சியாளராகி 1996-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஹைன்கஸ் 1998-ல் ரியல் மாட்ரிட்டுக்கும், 2013-ல் பேயர்ன் மூனிச்சுக்கும் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் தேடித் தந்தார். எதிர்த்து நின்ற நெட்சரும் ஹாம்பர்க் குழுவின் மேனேஜர் ஆனார். 1983 மே மாதம், ஆசான் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்தக் குழு ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2005-ல் பயிற்சியாளர் கல்விக்கூடத்துக்கு வைஸ்வைலரின் பெயர் சூட்டப்பட்டது.

பயப்படாமல் தாக்கு என்று அவர் சொல்லிக் கொடுத்தார். பயமில்லாமல் வளர்ந்த பிள்ளை ஒருநாள் ஆசிரியரிடமும் பயமில்லாமல்தான் பேசும். வைஸ்வைலருக்கு அது கோபத்தைத் தந்தது. ஆனாலும் அடுத்த குழுவுக்குப் போனபோது, அங்கிருந்த இளைஞர்களுக்கும் அவர் அதே பாடத்தைத்தான் நடத்தினார்.