வால்மீனைப் படம்பிடித்த பர்னார்டு

இரவு வானில் ஒளிமிக்க வால்மீன் ஒன்று எழுந்தால் அதை நோக்காத கண் இல்லை. ஆனால் கண்ட காட்சியைக் கண்டவாறே பதித்துப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வது நெடுங்காலம் மனிதர்க்கு இயலாததாகவே இருந்தது. ஓவியர் வரைந்தனர், புலவர் பாடினர், மன்னர் அஞ்சினர். 1858ஆம் ஆண்டு செப்டம்பரில் டொனாட்டி வால்மீன் தோன்றியபோதுதான் இங்கிலாந்தில் முகப்படம் எடுக்கும் தொழில் செய்த ஒருவர் அதை முதன்முதலாக ஒளிப்படத் தகட்டில் பதித்தார். அதற்கு ஒன்பது திங்கள் முன்னர், 1857 டிசம்பர் 16ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் எட்வர்டு எமர்சன் பர்னார்டு பிறந்திருந்தார். வால்மீன்களைப் படம்பிடிக்கும் கலையை அறிவியலாக வளர்த்தவருள் அவருக்கே முதலிடம் தரலாம் என்பது நம் கருத்து.

தந்தையின் முகத்தை அவர் கண்டதில்லை. பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். குழந்தைப் பருவத்திலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. தாய் மெழுகால் பூக்கள் செய்து விற்று இரு பிள்ளைகளையும் காத்தார். பர்னார்டு பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ இரண்டு மாதங்களே. ஒன்பது வயது நிரம்பும் முன்பே அவர் நகரத்து ஒளிப்பட நிலையம் ஒன்றில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின்விளக்கு இல்லாத காலம் அது. சிறிய படத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் கதிரவன் ஒளியைத்தான் நாட வேண்டும். இதற்கென நிலையத்தின் கூரைமேல் மிகப் பெரிய கருவி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. கதிரவனோ நில்லாமல் நகர்வான். அவனது ஒளி லென்சை விட்டு விலகாதவாறு கருவியின் சக்கரங்களைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் ஆகும். முன்பு அமர்த்தப்பட்ட சிறுவர்கள் வெயிலில் கண்ணயர்ந்து விட்டனர். பர்னார்டு உறங்கவில்லை. அது மட்டுமன்று, கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் ஆண்டு முழுதும் சற்றே முன்னும் பின்னுமாக மாறுவதை எவரும் சொல்லித் தராமலே அவர் கண்டுகொண்டார். வானநூலார் கணிதத்தால் விளக்கும் உண்மை அது. ஏட்டுக்கல்வி அறியாச் சிறுவன் கூரைமேல் நின்று அதைக் கண்டது எண்ணுந்தோறும் நமக்கு வியப்பளிக்கிறது. அந்நிலையத்தில் அவர் பதினேழு ஆண்டுகள் பணியாற்றினார்.

கடனுக்கு ஈடாக ஒருவர் விட்டுச் சென்ற வானநூல் நூல் ஒன்று 1876இல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே 380 டாலர் கொடுத்து ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அது அவருடைய ஓராண்டு ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதே 1877இல் அறிவியல் மாநாடு ஒன்று நாஷ்வில் நகரில் கூடியது. அங்கு வந்திருந்த பெரும் வானநூலறிஞர் சைமன் நியூகோம் கணிதம் கல்லாமல் இத்துறையில் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது என்று அவரிடம் கூறிவிட்டார். இளைஞர் தனியே ஒதுங்கிக் கண்ணீர் வடித்தார். பிறகு கணிதம் கற்கவும் தொடங்கினார். மனம் நொந்தாலும் சொன்னவரை அவர் வெறுக்கவில்லை.

புதிய வால்மீன் காண்போர்க்கு 200 டாலர் பரிசளிப்பதாக ராச்செஸ்டர் நகரத்து மருந்து வணிகர் வார்னர் அந்நாளில் அறிவித்திருந்தார். பர்னார்டு 1881இல் ரோடா கால்வெர்ட் அம்மையாரை மணந்து கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு வால்மீனைக் கண்டு பரிசு பெற்றார். அடுத்தடுத்த தவணைகள் வந்தபோதெல்லாம் வேறொரு வால்மீனும் வந்து உதவியது. அந்த வீட்டுக்கு வால்மீன் வீடு என்றே பெயர் வழங்கலாயிற்று. 1883இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கற்கவும் வானை ஆராயவும் இடமளித்தது. 1887இல் கலிபோர்னியா சென்றார். மறு ஆண்டு ஹாமில்டன் மலைமேல் லிக் வானாய்வுக்கூடம் பணி தொடங்கியது.

அங்கே 36 அங்குல விட்டமுடைய தொலைநோக்கி இருந்தது. லென்சால் அமைந்த தொலைநோக்கிகளுள் உலகிலேயே அந்நாளில் பெரியது அதுதான். 1892 செப்டம்பர் 9ஆம் நாள் வியாழனின் ஐந்தாம் நிலவை அதன்வழி கண்டு அவர் உலகப்புகழ் எய்தினார். ஆயினும் அவர் நெஞ்சைக் கவர்ந்தது ஒரு சிறு லென்சே. ஆறு அங்குல அகலமுள்ள அது முகப்படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்டு, சான்பிரான்சிஸ்கோ ஒளிப்படக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டது. பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு புள்ளியையே காட்டும். இந்தப் பழைய லென்சோ வால்மீனின் தலையோடு நீண்ட வாலையும் ஒரே தகட்டில் அடக்கிவிடும்.

ஆனால் அதனால் படம் எடுப்பது எளிதன்று. மங்கிய வால் தகட்டில் பதிய மணிக்கணக்கில் ஒளி விழ வேண்டும். வானம் சுழல்வதற்கு ஈடாகக் கருவியைத் திருப்பக் கடிகாரப் பொறி உண்டு. ஆயினும் வால்மீன் விண்மீன்களுக்கு இடையிலும் தனியே நகர்கிறது. அந்த நடையைப் பொறி அறியாது. எனவே பர்னார்டு வழிகாட்டும் சிறு தொலைநோக்கியில் கண்பதித்து, குறுக்கிட்ட இழைகள் சந்திக்கும் இடத்தில் வால்மீனின் தலையை நிறுத்தி, அது விலகும்போதெல்லாம் கையால் திருத்திக்கொண்டே இருந்தார். வெப்பக்காற்று உருவைக் கலைக்கும் என்பதால் குளிர் காயவும் வழியில்லை. இவ்வாறு எடுத்த படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டிருக்கும். வால்மீன் தெளிவாக நிற்கும். நாஷ்வில் கூரைமேல் கதிரவனுக்குச் செய்த அதே பணியை மலையுச்சியில் வால்மீனுக்குச் செய்தார் என்றால் மிகையாகாது.

இடையில் ஓர் அவமதிப்பும் நேர்ந்தது. ஆளின்றித் தானே வானைத் துழாவி வால்மீனைக் கண்டறிந்து மணியடிக்கும் கருவியை அவர் உருவாக்கியிருப்பதாக 1891இல் நாளிதழ் ஒன்று கட்டுக்கதை வெளியிட்டது. பலர் அதை நம்பி அவருக்கு எழுதினர். தம் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி உழைத்தவர்க்கு இது எவ்வளவு வேதனை தந்திருக்கும்! அக்கதையின் நிழல் அகலச் சில ஆண்டுகள் ஆயின.

1892 ஏப்ரலில் விடியற்காலை வானில் விளங்கிய ஸ்விஃப்ட் வால்மீனை அவர் படம்பிடித்தபோது, கண்ணுக்கு ஒற்றை வாலாகத் தெரிந்தது பல இழைகளாகப் பிரிந்து நாளுக்கு நாள் உருமாறுவது தெரிந்தது. அக்டோபர் 12ஆம் நாள் பால்வீதியை எடுத்த தகட்டில் புகைபோன்ற சிறு கோடு ஒன்று இருந்தது. அது ஒரு புதிய வால்மீன்! ஒளிப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீன் அதுவே. 1893 அக்டோபரில் எடுத்த புரூக்ஸ் வால்மீன் படங்கள் இதனினும் வியப்பானவை. முதல் நாள் நேராக இருந்த வால் மறுநாள் எதன்மீதோ மோதியதுபோல் சிதைந்து கிடந்தது. வெளியில் ஏதோ ஒரு பொருள் அதைத் தடுத்திருக்க வேண்டும் என்று பர்னார்டு கருதினார். அந்நாளில் அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. கதிரவனிடமிருந்து துகள்கள் ஓயாது வீசுகின்றன என்று வால்மீன்களின் வால்களைக் கொண்டே பியர்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1951இல் உய்த்துணர்ந்தார். கதிரவனின் சீற்றம் என்கே வால்மீனின் வாலை அறுத்தெறிந்ததை 2007இல் விண்கலமே நேரில் படம்பிடித்தது.

1895இல் பர்னார்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கேத்தரின் புரூஸ் அம்மையாரின் கொடையால் அங்கு அமைந்த பத்து அங்குல ஒளிப்படக் கருவியால் 1908இல் தோன்றிய மோர்ஹவுஸ் வால்மீனையும் 1910இல் ஹாலி வால்மீனையும் பதித்தார். விரைந்து நகரும் பர்னார்டு விண்மீனை 1916இல் கண்டதும் பழைய தகட்டோடு புதிய தகட்டை ஒப்பிட்டதன் பயனே. பால்வீதியின் இருண்ட திட்டுகள் பற்றிய அவருடைய ஆய்வு தனியே எழுதத்தக்கது.

பால்வீதிப் படங்களைத் தொகுத்து ஒரு நூலாக்க அவர் விரும்பினார். அச்சுக்கலை அவருக்கு நிறைவு தரவில்லை. ஆதலால் உண்மையான ஒளிப்படங்களையே ஒட்டச் செய்து, ஒவ்வொன்றையும் தாமே பார்த்துத் தேர்ந்தார். 700 படிகளுக்கு 35,000க்கும் மேற்பட்ட படங்கள்! 1921இல் மனைவியார் மறைந்தார். நூல் முடியும் முன்பே 1923 பிப்ரவரி 6ஆம் நாள் பர்னார்டும் மறைந்தார். வானாய்வுக்கூட இயக்குநர் ஃப்ராஸ்ட்டும், ரோடா அம்மையாரின் உடன்பிறந்தார் மகள் மேரி கால்வெர்ட்டும் அதை நிறைவு செய்து 1927இல் வெளியிட்டனர்.

1892இல் தகட்டில் சிக்கிய அந்தச் சிறு வால்மீனோ சில வாரங்களில் மங்கி மறைந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றுவது அது. எனினும் எவர் கண்ணிலும் படவில்லை. 2008 அக்டோபரில் போவத்தீனி என்ற இத்தாலிய வானாய்வாளர் வால்மீன் ஒன்றைக் கண்டார். கணித்துப் பார்த்தபோது அது பர்னார்டின் வால்மீனே எனத் தெரிந்தது. இன்று அது இருவர் பெயரையும் தாங்கிச் சுற்றி வருகிறது.