நாடிழந்தவரின் சங்கீதம்: கவிஞர் கிளெமான் மறோ

எமது வதிவிட அட்டையில் பிரெஞ்சு அரசு பொறிக்கும் ‘ரெஃபியூஜியே’ என்னும் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1685இல் புரட்டஸ்தாந்து வழிபாடு தடைசெய்யப்பட்டபோது பிரான்சை விட்டுத் தப்பிய ஹியூகனொட் மக்களே அப்பெயரால் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டனர். அவர்கள் தம்முடன் கொண்டுசென்ற செல்வங்களுள் ஒன்று பிரெஞ்சு மொழிச் சங்கீதப் புத்தகம். அதன் முதற் கவிஞரும் நாடிழந்தவரே.

கிளெமான் மறோ 1496இல் தென்பிரான்சின் காகோர் நகரில் பிறந்தார். பத்து வயதளவில் வடக்கே வந்து, தாய்மொழியாகிய தென்னாட்டு மொழியை மறந்து, அரசவைப் பிரெஞ்சைக் கற்றார். காலப்போக்கில் அம்மொழியின் தலைசிறந்த கவிஞரானார். மன்னர் முதலாம் பிரான்சுவாவும் அவர் தமக்கை மார்கரித்தும் அவரை ஆதரித்தனர். ஆயினும் 1526இல், தவக்காலத்தில் இறைச்சி உண்டார் என்ற குற்றச்சாட்டில் பாரிஸின் சத்லே சிறையில் அடைக்கப்பட்டார்.

1534 ஒக்ரோபரில் திருப்பலியைத் தாக்கும் சுவரொட்டிகள் பாரிஸில் இரவோடிரவாக ஒட்டப்பட்டன. கைதுகளும் எரிப்புத் தண்டனைகளும் தொடர்ந்தன. தேடப்படுவோர் பட்டியலில் மறோவின் பெயரும் இருந்தது. தப்பிச்சென்ற அவருக்கு இத்தாலியின் பெராரா நகரில் பிரெஞ்சு இளவரசி ரெனே புகலிடம் அளித்தார். அங்கும் நிலைக்க இயலாது வெனிஸ் சென்றார். 1536இல் நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. அதன் விலை, லியோன் நகரில் தம் கொள்கையைப் பகிரங்கமாக மறுதலிப்பது. அவ்விலையை அவர் கொடுத்தார். ஊர் திரும்புவதற்காகத் தலைகுனிந்தவரை, ஊரிழந்தவர் எளிதிற் பழிக்கமாட்டார்.

ஆனால் ஒரு பணியை அவர் கைவிடவில்லை. சங்கீதங்களைச் சாதாரண மக்கள் பாடத்தக்க பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். 1539இல், ஸ்ராஸ்பூர்க்கில் தாமும் அகதியாயிருந்த கல்வின், அவற்றுட் சிலவற்றைத் தமது சிறு பாடற்புத்தகத்திற் சேர்த்தார். பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்டோர் அழுத 137ஆம் சங்கீதத்தையும் மறோ மொழிபெயர்த்தார். அந்நிய மண்ணில் எவ்வாறு பாடுவோம் எனக் கலங்கி மறுத்தவர்களின் அம்மறுப்பே பாடலாயிற்று. துயரை மறைக்காது இறைவன்முன் வைப்பதும் விசுவாசமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1542இல் அடக்குமுறை மீண்டும் இறுகவே மறோ ஜெனீவாவுக்கு ஓடினார். அங்கே மேலும் ஏறத்தாழ இருபது சங்கீதங்களை மொழிபெயர்த்தார். அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு கல்வின் வேண்டியும் நகரசபை மறுத்தது. மீண்டும் வழிப்பயணம். 1544இல் தூரின் நகரில், 48 வயதளவில், தாய்நாட்டைக் காணாமலே மறைந்தார்.

பாடல்கள் அவரைவிட நெடுந்தூரம் சென்றன. 1558 மே மாதத்தில் பாரிஸின் ‘ப்ரே-ஓ-கிளேர்’ புல்வெளியில் மாலைதோறும் பெருந்திரளான மக்கள் கூடி அவற்றைப் பாடினர். இன்று லாச்சப்பலுக்கு அருகேயுள்ள கார்-டு-நோரில் 4ஆம் இலக்க மெற்றோ ஏறினால் சென்றடையும் சென்-ஜெர்மன் பகுதியே அவ்விடம். எஞ்சிய சங்கீதங்களைத் தியோடோர் பேஸ் மொழிபெயர்க்க, 1562இல் 150 சங்கீதங்களும் முழுமையாக வெளிவந்தன.

மறோவுக்கு உதவித்தொகை வழங்க மறுத்த அதே ஜெனீவாவின் ஆலயங்களில், அவருடைய சங்கீதங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டன.