திறந்த கதவும் கைவிடாத சாவியும்: துணைவேந்தர் சர் சி.பி. ராமசாமி ஐயர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக இருந்த காலத்தில், அங்கு ஆட்சியும் உயர்கல்வியும் பத்தாண்டுகள் ஒரே மனிதரின் பொறுப்பில் இருந்தன. 1936 முதல் 1947 வரை திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரே 1937-இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் துணைவேந்தரானார். கோயில் நுழைவுப் பிரகடனத்தோடு சேர்த்துப் போற்றப்படும் அவரது வாழ்வை, ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்று மதிப்பிடுவது அவசியம்.

1879 நவம்பர் 12-இல் வந்தவாசியில் பிறந்த சி.பி., சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1920-இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும், 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் இருந்தார். 1931-இல் இளம் மன்னர் சித்திரைத் திருநாளின் சட்ட ஆலோசகராகி, 1936 அக்டோபரில் திவானாகப் பொறுப்பேற்றார்.

அடுத்த மாதமே, 1936 நவம்பர் 12 அன்று, கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. இது அரண்மனையின் கருணையால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1924-இல் வைக்கத்திலும், 1926-இல் நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்திலும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் போராடியிருந்தனர். 1935-இல் இயோலாவில் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்த பிறகு, திருவிதாங்கூர் ஈழவர்களிடையே மதமாற்றப் பேச்சு வலுத்தது. அந்த நெருக்கடியே அரசின் கையைக் கட்டாயப்படுத்தியது. அப்போதும் திறந்தது வாசல் மட்டுமே. அர்ச்சகர் பணியும் நிர்வாகமும் ஆதிக்கச் சாதியினரிடமே தங்கின.

பிரகடனத்துக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 1937 ஜனவரியில், காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். பள்ளியில் சேரும் உரிமைக்காகவும் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்காகவும் வாழ்நாளெல்லாம் போராடிய புலையர் தலைவர் அய்யன்காளி, தம் மக்களிலிருந்து பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்ற விருப்பத்தை அவரிடம் வெளியிட்டார். கோயில் திறந்துவிட்ட மகிழ்ச்சிக்கு நடுவே அவர் கேட்டது கல்வியையே. அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகம் பிறந்தது. மன்னர் வேந்தர், மன்னரின் தாயார் இணைவேந்தர், திவான் துணைவேந்தர் என்று அதன் உச்சி முழுவதும் அரண்மனையாகவே இருந்தது. அய்யன்காளி 1941-இல் மறைந்தார்.

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் இப்புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. அக்கல்லூரியின் வேர் 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. அவரை அவ்வூருக்கு அழைத்தவர் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். பல்கலைக்கழகத்துக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே நாஞ்சில் நாட்டுக் கல்வி வரலாற்றில் தலித் மக்களுக்கு இப்படியொரு பங்கு இருந்தது. திவானின் சாதனைப் பட்டியல்களில் இந்தப் பெயர் இடம்பெறுவதில்லை.

சி.பி.யின் நிர்வாகத் திறனை மறுக்க வேண்டியதில்லை. 1939-இல் திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி எழுந்தது. 1944-இல் சமஸ்தானத்தில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. ஆனால் பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரஸ் 1938-இல் அடக்குமுறைக்கு உள்ளானது. 'மலையாள மனோரமா' இதழ் மூடப்பட்டது. 1946 அக்டோபரில் புன்னப்புரை–வயலாரில் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நவீனக் கல்வியைக் கொண்டுவந்த அரசு, உழைக்கும் மக்கள் அரசியல் பேசியபோது துப்பாக்கியால் பதிலளித்தது.

1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் வெட்டுக் காயம்பட்டார். ஆகஸ்டில் பதவி விலகினார். அதே மனிதர் 1960-களின் தொடக்கத்தில் தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தார். பிரிவினைப் பேச்சைக் கட்டுப்படுத்திய 1963-ஆம் ஆண்டின் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து வந்தது. 1966 செப்டம்பர் 26-இல் இலண்டனில் காலமானார்.

சட்டத்தின் பார்வையில் பிரகடனம் என்பது மன்னர் தரும் கொடை. தந்தவரே அதைத் திரும்பப் பெறவும் முடியும். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிப்பட்டதன்று. அது தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கியது. சி.பி.யின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இந்த வேறுபாட்டையே. இன்று பல்கலைக்கழக வகுப்பறைக்குள் இடஒதுக்கீட்டின் வழியே நுழையும் மாணவர், ஆட்சிக்குழுவிலும் ஆசிரியர் தேர்வுக் குழுவிலும் ஆய்வு நெறியாளர் பொறுப்பிலும் தம் மக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் கேட்க வேண்டும். அய்யன்காளி கேட்ட பத்துப் பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். முடிவெடுக்கும் நாற்காலிகளில் அவர்களுக்குரிய பங்கைக் கேட்பது இத்தலைமுறையின் வேலை.