சாக நினைத்தவர் கண்ட காவல்படை! - எலி மெச்னிக்கோவ் கதை

விரல்ல முள் குத்தினா என்ன ஆகும்? சுத்திலும் சிவந்து வீங்கும், சீழ் வைக்கும். அது நம்ம உடம்போட காவல்படை வேலை செய்யுற அடையாளம்னு உலகத்துக்குச் சொன்னவர், எலி மெச்னிக்கோவ்.

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்தவர். முதல் மனைவி லுட்மிலா 1873-ல் காசநோயால் இறந்தார். அடுத்து, இரண்டாவது மனைவி ஓல்காவுக்கு டைஃபாய்டு. நொறுங்கிப்போன மெச்னிக்கோவ் இரண்டு முறை உயிரை விட முயன்று, பிழைத்தார்.

1882. சிசிலித் தீவின் மெஸ்ஸினா. வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயாச்சு. இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமா இருந்தார். கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் முள்ளைக் குத்தி வைத்தார். ராத்திரி தூக்கமே இல்லை. காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக் கிடந்தன! கிருமியை விழுங்கும் இந்தச் செல்கள், பிறவியிலேயே வரும் பாதுகாப்பு என்றார். பலர் ஏற்கவில்லை. ஆனாலும் விடவில்லை. 1888-ல் பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். 1908-ல் பால் எர்லிச்சுடன் நோபல் பரிசு பெற்றார்.

அவர் கவனம் குடல் பக்கமும் திரும்பியது. பெருங்குடல் பாக்டீரியாதான் முதுமைக்குக் காரணம்னு நம்பி, தினமும் புளித்த பால் குடித்தார். 1916-ல், 71 வயதில் மறைந்தார்.

சரி, கிருமி வந்திருக்குன்னு செல்லுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு 'டோல்' வகை ரிசப்டர்கள் இருக்கு. இதைக் காட்டிய புரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011 நோபலில் பங்கு பெற்றார்கள். குடல் சுவரிலும் இந்த ரிசப்டர்கள் உண்டு. 2004-ல் எலிகளில் இந்தச் சிக்னலைத் துண்டித்தபோது, புண்பட்ட குடல் சரியாக ஆறவில்லை. ஆனால் 2007-ல், குடல் கட்டி வரும் வகை எலிகளில் 'மைடி88' என்ற சிக்னல் புரதத்தை நீக்கியபோது, கட்டிகள் குறைந்தன! புண்ணை ஆற்ற 'வளரு' என்று சொல்லும் அதே சிக்னல், கட்டிக்கும் தீனி போடுது.

முள் குத்திய வீக்கம் சில நாளில் வடிஞ்சிடும். வருஷக்கணக்கில் வடியாத குடல் வீக்கம்தான் ஆபத்து. நாள்பட்ட குடல் அழற்சி இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுது. அதனால மலத்தில் ரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு இருந்தா, வெட்கப்பட்டு மறைக்காதீங்க. போனை வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க!