அண்ணல் குடியிருந்த வீடுகள்

கல்லூரிகள் திறந்த நேரம். தொப்பம்பட்டிப் பக்கத்துக் காலனி ஒன்றில் இருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பையனோடு, வாடகை அறை தேடி நாமும் டவுனுக்குப் போயிருந்தோம். விடுதியில் இடம் நிரம்பிவிட்டது. மூன்று தெரு சுற்றியபின் ஒரு மாடி அறை கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். என்ன படிப்பு என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். பையன் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், வேறொருவர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவுக்கு வந்தது. வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை மட்டும் அன்று மாலை நாம் திரும்பி வரும்போதும் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேருந்தில் அவனுக்கு நாம் சொன்னது பரோடா கதை. கேட்டு முடித்தவன், அண்ணல் அம்பேத்கர் வேறு எந்தெந்த வீடுகளில் இருந்தார் என்று கேட்டான். அவர் பெற்ற பட்டங்களைப் பற்றியும் எழுதிய சட்டத்தைப் பற்றியும் நம் பிள்ளைகள் ஏப்ரல் 14 மேடைகளில் நன்றாகவே பேசுகிறார்கள். அவர் எங்கே படுத்து உறங்கினார், எந்தக் கடனில் வீடு கட்டினார் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவனுக்குச் சொன்னதையே இந்த வாரம் இங்கே எழுதுகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று அவர் பிறந்தது மத்திய இந்தியாவில் உள்ள மோவ் என்ற ராணுவ முகாமில். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். படைவீரர்களுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை. பூர்வீகம் ரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே கிராமம். பிறந்த வீடு சொந்த வீடல்ல, வேலையோடு வந்த வீடு. ராம்ஜி ஓய்வு பெற்றதும் குடும்பம் கொங்கணத்தின் டபோலிக்குப் போனது. பிறகு சதாரா. அங்கேதான் தாய் பீமாபாய் இறந்தார். 1900 நவம்பர் 7 அன்று பள்ளியில் பெயர் பதிவானதும் அங்கேதான். மகாராஷ்டிர அரசு அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது.

1901ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், வெளியூரில் வேலை பார்த்த தந்தையைக் காணச் சிறுவர்கள் தனியாக ரயிலில் போனார்கள். மசூர் ரயில் நிலையத்தில் அழைத்துப் போக ஆள் வரவில்லை. சாதி தெரிந்தபின் வண்டிக்காரர் யாரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர், இரட்டைக் கட்டணத்துக்கு, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. அந்த இரவு சுங்கச்சாவடி அருகே பட்டினியாகக் கழிந்தது. ஒன்பது பத்து வயதில் கண்ட அந்த வழியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் டபாக் சால். சால் என்பதை நம் ஊர் லைன் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாடி மேல் மாடியாக அடுக்கியது. ஆளுக்கு ஓர் அறை, நீளமான பொது நடை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அந்த ஒற்றை அறையில்தான் சமையல், சாமான், விறகு எல்லாம். படுக்கிற இடத்தில் தலைமாட்டில் ஆட்டுக்கல், கால்மாட்டில் ஆடு என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க இடமில்லாததால் தந்தையும் மகனும் முறை வைத்துக்கொண்டார்கள். மகன் முன்னிரவில் தூங்குவான். தந்தை விழித்திருந்து, இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க உட்கார்த்திவிட்டு அந்த இடத்தில் படுப்பார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியது இந்த அறையில் இருந்துதான். இடமில்லை, அதனால் படிப்பு வரவில்லை என்று சொல்லும் பிள்ளையை நாம் திட்டப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுப்ப ஒரு ராம்ஜி எல்லா வீட்டிலும் கிடைக்கமாட்டார்.

1912இல் குடும்பம் பக்கத்திலேயே வேறொரு சாலுக்கு மாறியது. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியபின், நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகள் பிஐடி சால்கள். பரேல் முதலாம் எண் சாலில் 50, 51 என்று இரண்டு அறைகள். ஒன்று குடும்பத்துக்கு, மற்றொன்று படிப்புக்கு. 1934 வரை, 22 ஆண்டுகள் இதுவே அவருடைய முகவரி. அமெரிக்காவில் படித்துத் திரும்பியபோதும், கல்லூரிப் பேராசிரியராகச் சம்பளம் வாங்கியபோதும், பாரிஸ்டராக உயர்நீதிமன்றம் போனபோதும், மகாத் சவுதார் குளத்தில் 1927இல் தண்ணீர் அள்ளியபோதும் அவர் சால்வாசிதான்.

அந்த 22 ஆண்டுகளின் பாரத்தைச் சுமந்தவர் அன்னை ரமாபாய். கணவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த ஆண்டுகளில் வறுமையோடு குடும்பம் நடத்தினார். பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தார். யஷ்வந்த் ஒருவரே பிழைத்தார்.

இடையில் கடல் கடந்த அறைகள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர், நியூயார்க்கில் இரண்டு மூன்று இடம் மாறி, மாணவர் விடுதி ஒன்றில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஓர் அறையில் தங்கினார். அறையைப் பகிர்ந்துகொண்டவர் சாதி கேட்கவில்லை. அந்த நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது. லண்டனில் படித்த காலத்தில் 1921, 1922 ஆண்டுகளில் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்தார்.

இரண்டு வெளிநாட்டுப் படிப்புகளுக்கும் நடுவே, 1917இல் நடந்ததுதான் பரோடா. உதவித்தொகைக்கு ஈடாக அந்தச் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அதிகாரிக்கு ஊரில் தங்க இடமில்லை. இந்து ஓட்டல்கள் சேர்க்காது. நண்பர்கள் வீட்டுக்குப் போனால் அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று தயங்கினார். கடைசியில் பார்சிகளுக்கான சத்திரம் ஒன்றில், காவலாளியின் சம்மதத்தோடு, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். மாடியில் சிறிய படுக்கையறை. பக்கத்துப் பெரிய கூடம் முழுக்க உடைந்த நாற்காலியும் பலகையும் குப்பையும். மின்விளக்கு இல்லை; வௌவால்கள் பறந்தன. பேச்சுத்துணைக்கு ஒரு மனிதர் இல்லாத அந்த இருட்டிலும், தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்ததே என்று அவர் ஆறுதல்பட்டுக்கொண்டார்.

பதினோராவது நாள் காலை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடி ஏறி வந்தார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டார். அரசு பங்களாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். மாலைக்குள் காலி செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்று அவர் இரண்டு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, இவர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் இந்தியக் கிறிஸ்தவர். ஊருக்குப் போயிருக்கும் மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிவிட்டதாகச் சொன்ன நம் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது. கமாதி பாக் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார், மறுபடி அந்தச் சாலுக்கு.

இப்படிப்பட்டவர் நாற்பது வயதை ஒட்டிச் சொந்தமாக வீடு கட்ட நினைத்ததில் வியப்பில்லை. வக்கீல் தொழிலில் வருமானம் ஓரளவு வந்தது. புத்தகங்கள் சாலின் அறையில் அடங்காமல் போயின. அவருக்கு வீடு என்பது முதலில் நூலகம். தாதர் பகுதியில் ஹிந்து காலனி என்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்பில், பிராமணர்கள் நிறைந்த தெருக்களுக்கு நடுவே, இரண்டு மனைகள் வாங்கினார். 1930இல் வேலை தொடங்கியது. கடன் வாங்கித்தான் கட்டினார். சுவர் எழும்பிய அதே காலத்தில்தான் லண்டனில் வட்டமேசை மாநாடுகள். முதல் இரண்டிலும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவரோடு உட்கார்ந்திருந்தார். 1933இல் வீடு முடிந்தது. கீழே குடும்பத்துக்கான அறைகள், மேலே நூலகமும் அலுவலகமும். எந்தச் சுவரில் அலமாரி, எங்கே வெளிச்சம் என்பதை எல்லாம் அவரே யோசித்து அமைத்த வீடு. பெயர் ராஜகிருகம். மகதத்தில் புத்தர் பலகாலம் தங்கிப் போதித்த நகரத்தின் பெயர் அது. மதம் மாறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே வாசலில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

இரண்டாவது மனையில் கட்டிய வீட்டுக்குச் சார் மினார் என்று பெயர். அதை 1941இல் விற்றுவிட்டார். கடனும் இருந்தது, புத்தகத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. வீட்டை விற்றுப் புத்தகம் வாங்குவதை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ராஜகிருகத்தை மட்டும் அவர் கடைசிவரை விற்கவில்லை. அங்கே சேர்ந்த நூல்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அவர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரிக்குப் பின்னர் பெரும்பகுதி போனது.

ரமாபாய்க்கு அந்த வீடு அதிக நாள் வாய்க்கவில்லை. குடியேறி ஓராண்டு சொச்சத்தில், 1935 மே 27 அன்று, ராஜகிருகத்திலேயே இறந்தார். 22 ஆண்டு சால், ஓராண்டு மாளிகை. இந்தக் கணக்கை எத்தனை முறை எழுதினாலும் நமக்கு மனம் ஆறுவதில்லை.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். டெல்லியில் பிருத்விராஜ் சாலை 22ஆம் எண் அரசு பங்களா கிடைத்தது. அதே ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, கிராமத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வாழும் நம் மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரிய பங்களாவுக்குப் போகும் வேளையில் அவர் தலைமையிலான இயக்கம் கேட்டது இதை. ஊரார் நிலத்தில் குடிசை போட்டவன் கூலி உயர்வு கேட்டால் மறுநாள் குடிசை இருக்காது. குடியிருக்கும் மண் கைக்கு வராமல் ஓட்டு கூடத் தன்னுடையதாக இருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களை அவர் கடுமையாக மறுத்ததும் இதனால்தான்.

நம் மாநிலத்தில் அந்தக் கோரிக்கை வேறு வழிகளில் வந்தது. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டு, ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டுவதே அதன் முதல் வேலையாக இருந்தது. வீட்டுமனைக்காக நிலம் கையகப்படுத்த 1978இல் தனிச் சட்டம் வந்தது. நம் பகுதித் தொகுப்பு வீடுகளில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவதை எல்லோரும் பார்க்கிறோம். அதைவிட முக்கியமாக நாம் கேட்பது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது. பல வீடுகளில் தாத்தா பெயரிலேயே நிற்கிறது. பேரன்கள் மூன்று பேர், ஒரே சுவருக்குள் மூன்று அடுப்பு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதைப் படிக்கிற மாணவர்கள் அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் சட்ட அமைச்சராக ஹார்டிங் அவென்யூ 1ஆம் எண் வீட்டில் இருந்தார். 1948 ஏப்ரல் 15 அன்று டாக்டர் சவிதாவைத் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். அரசியல் சட்டத்தின் பெரும் வேலை நடந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டதை ஒட்டி 1951 செப்டம்பரில் பதவி விலகினார். பதவியோடு வந்த வீடு பதவியோடு போனது. அலிப்பூர் சாலை 26ஆம் எண்ணில், சிரோஹி மன்னருக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். நீரிழிவும் கால்வலியும் வாட்டிய உடம்போடு, புத்தரும் அவர் தம்மமும் என்ற நூலை அங்கே எழுதி முடித்தார். 1956 டிசம்பர் 6 அன்று தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததும் அந்த வாடகை வீட்டில்தான். உடல் விமானத்தில் பம்பாய் வந்தது. கடற்கரைக்குப் போகும் முன், அவர் கட்டிய ராஜகிருகத்தில் மக்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

அலிப்பூர் சாலை வீடு பின்னர் கைமாறியது. 1967 ஜனவரியில் சவிதா அம்மையார் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, உள்ளே இருந்த அண்ணலின் தாள்கள் முற்றத்தில் தூக்கிப் போடப்பட்டன. அன்றிரவு மழை பெய்தது. எத்தனையோ கையெழுத்துப் பிரதிகள் நனைந்து அழிந்தன. அந்த இடத்தில் இப்போது விரித்த புத்தக வடிவில் தேசிய நினைவகம் நிற்கிறது. 2018 ஏப்ரலில் திறந்தார்கள். லண்டன் வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் விலைக்கு வாங்கியது. அருங்காட்சியகமாக இயங்க அனுமதி வாங்குவதற்கு அங்கேயும் அக்கம்பக்கத்து ஆட்சேபம், மேல்முறையீடு என்று 2020 வரை இழுத்தது. அதே 2020 ஜூலையில் ராஜகிருகத்துக்குள் புகுந்தவர்கள் பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போனார்கள். பரோடா பூங்காவில் அவர் உட்கார்ந்திருந்த இடம் சங்கல்ப பூமி என்ற பெயரில் இருக்கிறது.

நம் பையனுக்கு அறை கிடைக்கவில்லை. ஊரில் இருந்தே போய் வருகிறான், விடிகாலை முதல் பேருந்தில். இரவு படிக்க, பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு விளக்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.