ஹெலன் கெல்லரின் டீச்சர் எங்கே பயிற்சி பெற்றார்?

சிறப்புக் கல்வி ஆசிரியராக இன்று தனிப் படிப்பு, சான்றிதழ் எல்லாம் இருக்கு. 1887-ல் ஹெலன் கெல்லருக்குப் பாடம் சொல்லித்தரப் போன ஆன் சல்லிவனிடம் அப்படி எதுவும் கிடையாது. வயசு 20தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஏழை ஐரிஷ் குடும்பத்தில் 1866-ல் பிறந்தவர். டிரக்கோமா நோய் சின்ன வயசிலேயே கண்களைப் பாதித்தது. அம்மா இறந்தபின் தம்பியோடு ஏழைகள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களில் தம்பியும் இறந்தான். 1880-ல் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது ஆனுக்கு 14 வயசு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆறே வருஷத்தில் வகுப்பில் முதலிடம். நடுவில் ஆபரேஷன்களால் ஓரளவு பார்வையும் திரும்பியது.

நிஜமான பயிற்சி அங்கேதான். கண்ணும் காதும் இழந்த லாரா பிரிட்ஜ்மேன் அதே பள்ளியில் வசித்தார். அவரோடு பேசுவதற்காகவே, உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்கூட்டும் முறையை ஆன் கற்றார். ஹெலன் வீட்டு வேலை வந்ததும், லாராவுக்கு டாக்டர் ஹோவ் கற்பித்த பழைய அறிக்கைகளை மாதக்கணக்கில் படித்தார். அவ்வளவுதான் 'கோர்ஸ்'!

தண்ணீர் பம்ப் கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அதற்கப்புறம் நடந்தது. ஹெலனின் உறவுக்காரக் குழந்தை, 15 மாதம்தான், பேச்சை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று ஆன் கவனித்தார். குழந்தைக்கு யாரும் வார்த்தை வார்த்தையாகப் பாடம் எடுப்பதில்லையே? உடனே நேரம் குறித்து நடத்தும் பாடங்களை விட்டார். ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகவே பேச ஆரம்பித்தார்.

1900 முதல் 1904 வரை ராட்கிளிஃப் கல்லூரி வகுப்புகளையும் இப்படியே கையில் எழுத்துக்கூட்டினார். பட்டம் ஹெலனுக்கு மட்டும். ஆனுக்கு டெம்பிள் பல்கலைக்கழகத்தின் கௌரவப் பட்டம் வந்தது 1932-ல். நாலு வருஷத்தில் இறந்தார். அதற்குள் பார்வை முழுசாகப் போயிருந்தது.